லாச்சிக்குள் பத்தொன்பது நாள்

அந்த மெமரி காட் பழுதாகவில்லை.

2013 யூலை 28, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்த கையோடு ஒரு அக்கா, கையில் செபப் புத்தகத்துடன் என் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். “தம்பி, அப்பாட பாட்டெல்லாம் சீடியில அடிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த வயர் ஒன்றைச் சுருட்டிக்கொண்டே, “காட் பழுதாப் போச்சு அக்கா. உப்புக் காத்துதானே. கொம்பியூட்டர் வாசிக்குதில்ல” என்றேன்.

மன்னார்த் தீவில் இந்தப் பொய் இலகுவாகச் செல்லும். இங்கே கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின், மின்விசிறிக் கம்பி என்று உப்புத் தின்னாத பொருள் இல்லை. புதுத் தகரம் ஒரு சோழகக் காற்றுக் காலத்தைத் தாண்டினால் பழந்தகரம். நகக்கண் அளவுள்ள ஒரு சாமானையும் அது தின்றுவிட்டது என்றால் யார் நம்பமாட்டார்கள்? அக்காவும் நம்பினார். “ஐயோ” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல, “நீங்க என்ன செய்யிற தம்பி” என்றார்.

பதினொரு வருடம் அந்தப் பொய்யோடு இருந்தேன். இப்போது எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்தக் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. என் பங்கை மட்டும் குறைக்காமல் சொல்கிறேன்.

அக்காவின் அப்பா கூத்து அண்ணாவியார். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. மன்னார்க் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு வழி உண்டு. யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வார்கள். இவர் ஊரில் ஆடியது ஒரு புனிதரின் கதை, இரண்டு இரவுக் கூத்து. இவருக்கு அப்பா, அப்பாவுக்கு மாமன் என்று கைமாறி வந்த கொப்பி ஒன்று வீட்டில் இருந்திருக்கிறது. 1990இல் சனம் வள்ளத்தில் ஏறி ராமேசுவரம் போனபோது இவரும் போனார். சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்த கொப்பி கடல் தண்ணீரில் ஊறிவிட்டது. மண்டபம் முகாமில் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டாராம். “எழுத்தெல்லாம் கரைஞ்சு எல்லாத் தாளும் ஒரே நீலம் மகன். கடலைத்தான் காயப்போட்டன்” என்று சொல்லிச் சிரித்தார். ஊர் திரும்பிய பிறகு கூத்து அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார் நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்தார். ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966இல் அச்சில் வந்தது. அந்த நூல்கள் இல்லாவிட்டால் பல பாட்டுகள் போயே போயிருக்கும். ஆனால் அச்சில் ஏறுவது சொல். எந்த இடத்தில் குரலை இழுத்து எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எந்த வரியில் மத்தளம் ஒதுங்கிப் பாட்டுக்கு வழி விட வேண்டும் என்பதெல்லாம் அண்ணாவியாரின் தொண்டையில்தான் இருக்கும். அதனால்தான் அக்கா என்னிடம் வந்தார். கலியாணம், புதுநன்மை, சாமத்தியவீடு, செத்தவீடு என்று எல்லாவற்றையும் பதிகிற ஆள் நான். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் அப்போதுதான் வாங்கியிருந்தேன்.

யூலை 22, 23, 24. மூன்று பின்னேரம். வெளியே சோழகம் அடித்துக்கொண்டிருந்ததால் யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டு வைத்தேன். கருவிக்குள் காட்டைச் செருகும்போது அண்ணாவியார் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 15 மில்லிமீற்றர் நீளம், 11 மில்லிமீற்றர் அகலம். “இதுக்குள்ள ரெண்டு ராக்கூத்தும் போயிடுமா மகன்?” என்று கேட்டார். எனக்குப் பெருமை. 8 ஜிபி காட், நல்ல தரத்தில் பதிந்தாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலே கொள்ளும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். “அப்ப எனக்கு இனிப் பாரமில்ல” என்றார்.

அந்தச் சொல்லை அன்று நான் ஒரு கிழவரின் பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று பின்னேரத்திலும் சேர்த்து நான்கு மணி இருபது நிமிடம் பாடினார். கட்டியகாரன் வரவு, அரசன் வரவு, விருத்தம், தரு, சிந்து, சண்டைப் பாட்டு. நடுவில் தேத்தண்ணி, இருமல், வீட்டுக்குப் பின்னால் கத்திய கழுதை. கடைசியாக மங்களம். சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு நிமிடம் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். மொத்தம் ஏறக்குறைய 2.75 ஜிபி. வீட்டுக்கு வந்ததும் அதை லப்டொப்பில் போட்டிருக்க வேண்டும். லப்டொப்பில் இடமில்லை. நாலு கலியாண வீடியோ வெட்டாமல் கிடந்தது. நாளைக்கு என்றேன். நாளைக்கும் நாளைக்கு என்றேன்.

27ஆம் திகதி சனிக்கிழமை ஒரு கலியாணம். என்னிடம் ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ எஸ்டி காட் இருந்தன, இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பு அடாப்டருக்குள். ஒன்று வெறும் காட். மற்றதில் அண்ணாவியார். பொம்பிளை வீட்டு வாசலில் நின்று, மிச்சக் காசு எப்போது தருவார்கள் என்று போனில் பேசிக்கொண்டே ஒன்றைக் கமராவுக்குள் போட்டு, போர்மட் கொடுத்தேன்.

இந்த இடத்தை நான் எனக்கே பல வருடம் “காட் மாறிப் போச்சு” என்று சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. போர்மட் செய்யும் முன் அந்தக் கமரா ஒரு திரை காட்டும். காட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரு பட்டை. கீழே, எல்லாம் அழியும், சம்மதமா என்று ஒரு கேள்வி. வெறும் காட்டுக்குப் பட்டை வெறுமையாக இருக்க வேண்டும். அன்று அது மூன்றில் ஒரு பங்கு நிரம்பியிருந்தது. அதை என் கண் கண்டது. “இதெல்லாம் கொப்பி பண்ணினதுதானே” என்று மனம் சொன்னது. விரல் அழுத்தியது. இரண்டு செக்கன்.

ஒன்பது படம் எடுத்த பிறகு, கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையைவிட்டபோது மற்ற அடாப்டர் தட்டுப்பட்டது. உடனே விளங்கிவிட்டது. காட்டை வெளியே எடுத்து, அதில் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டி, பையில் வைத்தேன். மற்றக் காட்டில் கலியாணத்தை எடுத்து முடித்தேன்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. என் தொழிலில் எல்லாருக்கும் ஒரு நாள் நடக்கும். நான் ஒப்புக்கொள்ள வந்தது இதற்குப் பிறகு நடந்தது. அது விளங்க, போர்மட் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த வகை நினைவகத்தை 1980களில் ஜப்பானில் தோஷிபா கம்பனியில் புஜியோ மசுவோகா என்ற பொறியியலாளர் உருவாக்கினார். பெருந்தொகையான தகவலை ஒரேயடியாக அழிக்க முடிவது கமராவின் பிளாஷ் மின்னுவதுபோல் இருக்கிறது என்று அவருடன் வேலை செய்த ஒருவர் சொல்ல, பிளாஷ் என்ற பெயர் நிலைத்தது. எழுதும் திறமையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, அழிக்கும் திறமையைப் பார்த்து வைத்த பெயர். பிளாஷ் அடித்தே பிழைக்கிற எனக்கு இது தெரிய வந்தது வெகு பிந்தி.

ஆனால் நாங்கள் கமராவில் கொடுக்கிற சாதாரண போர்மட் அப்படி ஒரேயடியாக அழிப்பதில்லை. காட்டின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கெங்கே போகிறது என்ற கணக்கு. 32 ஜிபி வரையான காட்டுகளில் அதை ஃபாட் 32 என்ற முறையில் எழுதுவார்கள். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபாட். 64 ஜிபி காட்டைப் பழைய கமரா ஏற்காமல் திரும்பத் திரும்ப போர்மட் கேட்பதற்கு அனேகமாக இந்த வித்தியாசம்தான் காரணம். கருவி மாறும்போது அந்தக் கருவியிலேயே போர்மட் செய்யச் சொல்வதும் இதனால்தான். ஒவ்வொரு கருவியும் தன் அட்டவணையையும் தன் கோப்புறைகளையும் தனக்கு வசதியாக அடுக்கி வைத்துக்கொள்ளும். போர்மட் கொடுத்தால் இந்த அட்டவணை வெறுமையாகும். பாட்டும் படமும் இருந்த இடம் அப்படியே இருக்கும்.

எங்கள் ஊர்ச் சேமக்காலையில் சிலுவைகளை எல்லாம் ஒரே இரவில் பிடுங்கிவிட்டால் எப்படியிருக்கும்? மேலே வெறும் மணல். கீழே எல்லாரும் அங்கேயேதான். இன்னொரு குழி வெட்டுகிற வரைக்கும்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அழிந்துபோன புதுநன்மைப் படங்களையும் கலியாணப் படங்களையும் காசு வாங்கிக்கொண்டு மீட்டுக் கொடுத்தவன் நான். கிறிஸ்தோப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் போட்டோரெக் என்ற மென்பொருள் என் லப்டொப்பில் இருந்தது. அது அட்டவணையைப் பார்க்காது. காட்டை முதலிலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டே போய், ஒரு படத்தின் தலை, ஒரு பாட்டின் தலை என்று அடையாளம் கண்டு இழுத்து வெளியே போடும். அந்த ஒன்பது படமும் காட்டின் தொடக்கத்தில் அறுபது மெகாபைட் அளவுக்குத்தான் மூடியிருக்கும். முதல் நாள் பாட்டில் ஏதோ ஆறு நிமிடம். மிச்சம் நான்கு மணி நேரத்துக்கு மேலே காட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

கலியாண இரவு காட்டை லப்டொப்பில் போட்டு அந்த ஒன்பது படத்தை எடுத்தேன். போட்டோரெக்கையும் ஓடவிட்டிருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. களைப்பு. காட்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் அக்கா வந்துவிட்டார்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அக்காவுக்குப் பயந்து இல்லை. அவர் ஏசியிருக்கமாட்டார். “கவனிக்காமல் அழிச்சிட்டன்” என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தால், மறுநாள் அது ஊருக்குப் போகும். அடுத்த கலியாணத்தை இன்னொருவனிடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

“வேற ஆருக்கும் காட்டேலாதா தம்பி?” என்று அக்கா கேட்டார். “கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்” என்றேன். அது இரண்டாவது பொய். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஆறுதலாக ஒரு நாள் நானே மீட்டெடுப்பேன். கொழும்பில் மீட்டதாகச் சொல்வேன். குற்றமும் இல்லை, நல்ல பேரும் கிடைக்கும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துப்போனதால்தான் அவசரம் போய்விட்டது. எப்படியும் உள்ளே இருக்கிறதுதானே. எப்போதும் எடுக்கலாம்தானே.

அக்கா அடுத்த கிழமை திரும்ப வந்தார். “கொழும்பில இருந்து சேதி இல்லையா?” இல்லை என்றேன். மூன்றாம் தரம் வந்தபோது அண்ணாவியாரையும் ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார். கையில் பாரைக் கருவாடு ஒரு பார்சல். கொழும்புச் செலவுக்கு என்று இரண்டாயிரம் ரூபாயை மேசையில் வைத்தார். நான் வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. காசை எடுத்து லாச்சியைத் திறந்து உள்ளே போட்டேன். பிளாஸ்டர் ஒட்டிய காட் அந்த லாச்சிக்குள்தான் கிடந்தது. அதன் மேலேதான் காசு விழுந்தது. லாச்சியை மூடினேன்.

அண்ணாவியார் கதிரையில் இருந்தபடி, “காட் செத்தா என்ன மகன், நான் சாகல்லத்தானே. திருப்பிப் பாடுவன்” என்றார்.

ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த வருடம் மே மாதம்தான் பல வருடங்களுக்குப் பிறகு ரயில் மடு றோட்டு வரைக்கும் வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கள் நேர்த்தியைப் படம் பிடிக்க என்னைக் கேட்டிருந்தது. 14ஆம் திகதி புறப்படும்போது லாச்சியிலிருந்த காட்டுகளை எல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டேன். பார்த்துப் போடவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிளாஸ்டரைப் பார்த்தேன். போட்டேன்.

அன்று மாலை மடுவில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். மரத்தடியில் கதிரை போட்டு இருந்த குருவானவரிடம் மற்றவற்றோடு சேர்த்து, “பொய் சொன்னன் சுவாமி” என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். மூன்று நாலு தரம் என்றேன். யாரிடம், என்ன பொய், அதனால் யாருக்கு என்ன என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை; எனக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னேன். மனம் இலேசானது. அந்த இலேசை நினைத்தால் இப்போதுதான் பாரமாக இருக்கிறது.

மறுநாள் மாதாவின் திருச்சொரூபப் பவனி. சொரூபம் கோவிலை விட்டு வெளியே வருகிற நேரம் பார்த்துக் கமராவில் காட் நிறைந்துவிட்டது. சனம் நெருக்கியது. அந்தக் குடும்பம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பைக்குள் கையை விட்டேன். இரண்டு காட் வந்தன. ஒன்றில் முதல்நாள் எடுத்த வீடியோ நிறைந்திருந்தது. மற்றதில் பிளாஸ்டர்.

போர்மட் செய்யவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. காட் ஏற்கெனவே என் கமராவுக்குத் தோதாகத்தான் இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். காட் தொடக்கத்திலிருந்து நிரம்பிக்கொண்டு வரும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் நிறைய இடம் இருக்கிறது, இரண்டு நிமிடம்தானே என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். எட்டு நிமிடம் எடுத்தேன்.

கணக்கு இதுதான். என் கமராவில் முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு 330 மெகாபைட் தின்னும். எட்டு நிமிடத்துக்கு 2.6 ஜிபிக்கு மேல். அண்ணாவியார் மூன்று பின்னேரம் பாடியது எல்லாம் சேர்த்து 2.75. எட்டு நிமிடத்தில் நான்கு மணித்தியாலக் குரலை மூடிவிட்டேன். அந்த வீடியோவில் முக்கால்வாசி முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரிந்தது. பிறகு வெட்டும்போது அதில் நாற்பது செக்கன்தான் பாவித்தேன். புதுக் காட் ஒன்று வாங்கக் கையில் காசு இல்லாமலும் இல்லை. இரண்டாயிரம் ரூபா லாச்சிக்குள் இருந்தது.

திருவிழா முடிந்து வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். “கொழும்பில ஏலாது எண்டு சொல்லிட்டாங்க.”

ஐப்பசியில், மழை தொடங்கும் முன், கருவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திருப்பிப் பதிவோம் என்றேன். அண்ணாவியார் மெலிந்திருந்தார். கட்டியகாரன் வரவை நன்றாகப் பாடினார். அரசன் வரவில் இரண்டாம் அடி வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார். மத்தளம் அடிப்பதுபோலத் தொடையில் தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னிடம், “முந்திப் பாடினதில இருக்குதானே மகன். அதைக் கேட்டிட்டு அடியை எடுத்துத் தா” என்றார். காட் பழுது என்று சொன்னதை அவர் மறந்துவிட்டிருந்தார். அக்கா மெல்ல, “அது இல்லையப்பா, பழுதாப் போச்சு” என்றார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தனே” என்றார்.

இருபத்து மூன்று வருடம் கொப்பி இல்லாமல் சுமந்தவர். பாரமில்லை என்று இறக்கி வைத்தார். இறக்கி வைத்த இடம் நான்.

மார்கழியில் அவர் இறந்துபோனார். செத்தவீட்டு வீடியோவும் நான்தான் எடுத்தேன், காசு வாங்கவில்லை. அதை ஒரு பரிகாரம் என்று அன்று நினைத்தேன். அடக்கம் முடிந்த இரவு, யூலையில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். போட்டோரெக்கை ஓடவிட்டேன். காட்டின் வாலில், மடு வீடியோ முடிந்த இடத்துக்கு அப்பால், ஒரே ஒரு ஒலிக்கோப்பு தலையோடு தப்பியிருந்தது. நான்கரை நிமிடம். மூன்றாம் நாள் கடைசியாகப் பதிந்தது, ஆகவே காட்டிலும் கடைசியாக இருந்தது. மங்களம்.

பாட்டு முடிந்ததும் அதில் ஓர் இருமல். பிறகு அவர் குரல்: “எல்லாம் ஏறிட்டுதா மகன்?” பிறகு என் குரல்: “எல்லாம் ஏறிட்டுது.”

அதையும் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால், செத்த காட்டிலிருந்து இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். நான்கரை நிமிடத்தை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் சீடியில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்துவைத்தேன். இரண்டு பிரதி எடுக்கும் நல்ல பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

இப்போது என்னிடம் வேலை பழகும் பொடியன்களுக்கு நான் சொல்வது சில காரியம்தான். பதிந்த அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடு. பிரதியைத் திறந்து கேட்டுப் பார். கோப்பின் பெயர் தெரிவதால் கோப்பு இருக்கிறது என்று ஆகாது. அதற்குப் பிறகுதான் போர்மட், அதுவும் அந்தந்தக் கருவியிலேயே. அடாப்டரின் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். வேலை முடிந்த காட்டை அடாப்டருக்குள் போட்டதும் அதைக் கீழே தள்ளு. பூட்டியிருந்தால் கமரா போர்மட் செய்ய மறுக்கும். யூலை 24 இரவு என் விரல் அதைத் தள்ளியிருந்தால் போதும். தவறி அழித்துவிட்டால் காட்டை வெளியே எடு, பூட்டு, அதில் இனி ஒன்றும் எழுதாதே.

கடைசியாக ஒன்றும் சொல்வேன்: காட்டுக்கு உரியவரிடம் அன்றே போய்ச் சொல். பொடியன்கள் இதை ஒழுக்கப் பாடம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். இது தொழில் பாடம். நான் அன்றே சொல்லியிருந்தால் அக்கா என் மேசைக்கு முன்னாலேயே இருந்து, அன்றைக்கே எடுத்துத் தந்தால்தான் போவேன் என்றிருப்பார். பொய் சொன்னதால்தான் காட் ஆறுதலாக லாச்சிக்குள் கிடந்தது. கிடந்ததால்தான் மடுவுக்கு வந்தது.

2024 யூலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். தென்கரையில் காற்றாலைகள் சோழகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. முற்றத்தில் கதிரை போட்டுத் தந்தார். தேத்தண்ணி வந்தது. நான் குடிக்காமல் முழுவதையும் சொன்னேன். போர்மட், ஒன்பது படம், கொழும்பு, மடு, மங்களம். இரண்டாயிரம் ரூபாயை ஸ்டூலின் மேல் வைத்தேன். போனில் அந்த நான்கரை நிமிடத்தைப் போட்டேன்.

அக்கா தலையைக் குனிந்து கேட்டார். கடைசியில் என் குரல் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். காசை அவர் தொடவில்லை.

“அந்தப் பத்தொம்பது நாளும் காட் எங்க தம்பி கிடந்தது?” என்று கேட்டார்.

“ஸ்டூடியோவில, மேசை லாச்சிக்குள்ள அக்கா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“நான் மூண்டு தரம் அந்த மேசைக்கு முன்னால வந்து நிண்டனான்” என்றார்.